பிரிவு எண்களை நீங்களும் படியுங்கள்: புதிய அரசு உதவி வழக்கு நடத்துநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

தேர்வாணையத் தேர்வில் தேறி, தமிழ்நாட்டின் நீதித்துறை நடுவர் நீதிமன்றங்களில் பொறுப்பேற்கும் உங்களுக்கு எதிர்த்தரப்பிலிருந்து ஒருவன் எழுதுகிறேன். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவே தொழில் செய்து வந்தவன் நான். ஆகவே என் பேச்சில் சார்பு இருக்கும் என்று நீங்கள் எண்ணினால் அதில் தவறில்லை. ஆனாலும் கேளுங்கள். ஒரு வழக்கில் நான் செய்யக்கூடியதைவிட நீங்கள் செய்யக்கூடியது அதிகம். அதிலும் பாதியை நான் வக்காலத்து போடுவதற்கு முன்பே உங்களால் செய்துவிட முடியும். யார்மீது, எந்தப் பிரிவில் வழக்கை நடத்துவது, எதை எதிர்ப்பது, எதை விட்டுவிடுவது என்ற முடிவுகளைத்தான் சொல்கிறேன்.

பொறுப்பேற்றதுமே கோர்ட் கான்ஸ்டபிள் உங்கள் மேசையில் கேஸ் கட்டுகளை அடுக்கிவிடுவார். மேலே இருப்பதைப் பிரித்தால் 296(பி), 115(2), 351(3) என்று இருக்கும். 2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் சட்டங்கள் வருவதற்கு முந்தைய கட்டு என்றால் 294(பி), 323, 506(2). ஆபாசமாகத் திட்டினார், அடித்தார், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார். கடலூரில் வரப்புத் தகராறு ஆனாலும், திருப்பூரில் கடை வாடகைத் தகராறு ஆனாலும், சிவகங்கையில் கோயில் மரியாதைச் சண்டை ஆனாலும் இந்த மூன்றும் சேர்ந்தே வரும். புகாரில் உள்ள வசைச் சொற்கள்கூடப் பல நேரம் ஒன்றுபோலவே இருக்கும். சட்டத்தின் பெயரும் எண்களும் மாறின, எழுதும் கை மாறவில்லை. மூன்றாவது பிரிவு எதற்காகச் சேர்க்கப்பட்டு வந்தது என்பது கோர்ட் வளாகத்தில் டீ விற்பவருக்கும் தெரியும். 506(2) சேர்ந்தால் ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது, ரிமாண்டுக்கு வழி திறக்கும் என்பதே இங்கே நடைமுறையாக இருந்தது.

வெறுமனே திட்டினார் என்பதால் 294(பி) ஆகிவிடாது என்று 2022 அக்டோபரில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்ன வார்த்தை சொல்லப்பட்டது என்பது பதிவில் இருக்க வேண்டும். அது சட்டம் சொல்லும் பொருளில் ஆபாசமாக இருக்க வேண்டும். பிறருக்குத் தொல்லை தந்திருக்க வேண்டும். மிரட்டல் பிரிவைப் பற்றியும், ஆத்திரத்தில் கொட்டிய வாய்வீச்சு போதாது, கேட்டவருக்கு உண்மையில் அச்சம் பிறந்திருக்க வேண்டும் என்று நம் உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. தீர்ப்புகள் வந்தபடி இருக்கின்றன, கட்டுகளும் அதே எண்களோடு வந்தபடி இருக்கின்றன.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் அழைத்துச் செல்லப்பட்ட தந்தை, மகன் இருவர் மீதும் போடப்பட்ட எஃப்.ஐ.ஆரில் இருந்தவை 188, 269, 294(பி), 353, 506(2). ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதில் தொடங்கிய விவகாரம். அந்தக் காகிதம் நடுவரிடம் போனது, ரிமாண்ட் ஆனது, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அவர்களைக் கொண்டுபோனது. சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். காவலர்கள் மீது கொலைக் குற்றத்துக்கு முகாந்திரம் இருக்கிறது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்ன பிறகுதான் 302 வந்தது. அந்த ஐந்து எண்களையும் எழுதியவர்களுக்கும் கையெழுத்திட்டவர்களுக்கும் நடுவில் ஒருவராவது, ‘கடை திறந்ததற்கு 506 எதற்கு, உடம்பில் என்ன காயம்’ என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். அந்த இடத்தில் பேசச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. பேசக் கூடாது என்று தடுக்கவும் இல்லை.

உங்கள் மூத்தவர்கள் சிலர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: ‘விசாரணை போலீஸின் வேலை, குற்றச்சாட்டு வனைவது கோர்ட்டின் வேலை, இடையில் நமக்கென்ன?’ இதற்கு ஆதாரமாக 2000-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் காட்டுவார்கள். அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். புதுமணப்பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். கணவரும் மாமியாரும் குற்றவாளிகளாகக் காட்டப்பட்டார்கள். குடும்பத்தில் வேறு சிலரையும் சேர்க்க வேண்டும் என்று பெண்ணின் தந்தை கேட்டார். அரசு வழக்கறிஞரின் கருத்தைப் பெற்று, அதன்படி திருத்திய குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யுங்கள் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. குற்றப்பத்திரிகையில் யார், எந்தக் குற்றம் என்று முடிவெடுக்க வேண்டியவர் விசாரணை அதிகாரி. அரசு வழக்கறிஞரின் கருத்தை அவர்மீது சுமத்த முடியாது.

தீர்ப்பின் இந்தப் பாதியை மட்டும் சொல்லிவிட்டு மூத்தவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். விசாரணை அதிகாரி தாமாக விரும்பிச் சட்டக் கருத்துக் கேட்பதில் தடையே இல்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. வரைவுக் குற்றப்பத்திரிகையைக் கருத்துக்கு அனுப்பும் பழக்கம் பல ஊர்களில் இன்றும் உண்டு. அப்படி வரும்போது ‘பார்த்தேன், சரி’ என்று முத்திரை குத்தி அனுப்புகிறவர்களும் உண்டு, இரண்டு பக்கம் எழுதி அனுப்புகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகை ஆளாக இருங்கள் என்று கேட்கிறேன்.

உங்கள் பதவி ஏன் உண்டாக்கப்பட்டது என்பதையும் யோசியுங்கள். 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் காலத்தில் கீழ்க் கோர்ட்டுகளில் வழக்கு நடத்தியவர்கள் பெரும்பாலும் போலீஸ் அதிகாரிகளே. பிடித்தவரும் அவரே, வழக்கு நடத்தியவரும் அவர் துறையே. இது கூடாது, வழக்கு நடத்துவோரைப் போலீஸிலிருந்து பிரிக்க வேண்டும் என்று 1958-இல் சட்ட ஆணையம் தன் 14-ஆவது அறிக்கையில் எழுதியது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் செய்தது. பிறகும் சில மாநிலங்கள் உங்களைப் போன்றவர்களைப் போலீஸ் துறையின் கீழேயே வைத்திருக்க, 1995-இல் மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தனியே பிரிக்கச் சொன்னது. 2005-இல் வந்த திருத்தம் தனி இயக்ககத்துக்கு இடம் தந்தது. ஒரு நாற்காலியைப் போலீஸ் நிலையத்திலிருந்து வெளியே எடுத்துவர இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அதில் உட்கார்ந்துகொண்டு எஸ்.ஐ. எழுதியதை அப்படியே வாசித்தால் நாற்காலியை இடம் மாற்றியதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். தடா வழக்கொன்றில், 1994-இல், உச்ச நீதிமன்றம் கடுமையாகவே சொன்னது: காவலை நீட்டிக்கப் போலீஸ் கேட்டால் அதைத் தபால் நிலையம்போல் வாங்கி அனுப்புவது அரசு வழக்கறிஞரின் வேலை ஆகாது, அவர் தன் அறிவைக் கொண்டு பார்க்க வேண்டும்.

புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவில் இயக்ககத்தின் படிநிலைகளுக்கு வேலை பிரித்துத் தந்திருக்கிறார்கள். ஏழாண்டு முதல் பத்தாண்டுக்குள் தண்டனை உள்ள வழக்குகளில் துணை இயக்குநர் போலீஸ் அறிக்கையை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்கிறது. பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள வழக்குகளுக்கும் ஏழாண்டுக்குக் கீழ்ப்பட்ட வழக்குகளுக்கும் ‘கண்காணிப்பு’ என்ற சொல்தான் இருக்கிறது, ‘ஆராய்தல்’ இல்லை. ஏன் அப்படி எழுதினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் மேசைக்கு வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை ஏழாண்டுக்குக் கீழ்ப்பட்டவை. அவற்றை வேறு யாரும் ஆராயப் போவதில்லை.

நான் அதிகம் பார்த்தது அடிதடி வழக்குகள். அவற்றில்தான் உங்கள் தீர்மானத்துக்கு வேலை அதிகம். ஒரே சண்டை, இரண்டு புகார். இவர் தலையில் நாலு தையல், அவர் கையில் எலும்பு முறிவு. இரண்டு தரப்பும் அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி வாங்கி வைத்திருக்கும். இரண்டு எஃப்.ஐ.ஆர். போடுவார்கள், இரண்டிலும் குற்றப்பத்திரிகை வரும். அடுத்தடுத்த எண்களோடு ஒரே கோர்ட்டில் இரண்டு வழக்குகள் நடக்கும். ஒன்றில் சாட்சியாக வந்து நிற்பவர் அடுத்ததில் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். இரண்டிலும் அரசுத் தரப்பு நீங்களே! காலையில் ‘இவர்தான் முதலில் அடித்தார்’ என்று நிரூபித்துவிட்டு, மதியம் ‘அவர்தான் முதலில் அடித்தார்’ என்று அதே குரலில் நிரூபிக்க வேண்டும்.

இது நடக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு காவல் நிலையாணையில் 588-ஏ என்ற எண்ணில் நாங்கள் படித்த விதி அது. ஒரே சம்பவத்தில் இரு தரப்பும் புகார் கொடுத்தால் விசாரணை அதிகாரி இரண்டையும் சேர்த்து விசாரிக்க வேண்டும். முதலில் தாக்கியவர் யார் என்று கண்டு அவர்மீது மட்டும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும், அல்லது இரண்டும் பொய் என்றால் இரண்டையும் முடித்துவிட வேண்டும். எது சரி என்று முடிவெடுக்க முடியாவிட்டால் மாவட்ட அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பாருங்கள். பிரிட்டிஷ் காலத்துப் போலீஸ் நடைமுறையிலிருந்து வந்த இந்த ஆணைத் தொகுப்பே, முடிச்சு விழுந்தால் வழக்கறிஞரிடம் போ என்கிறது. நடைமுறையில் யாரும் போவதில்லை. இரண்டிலும் சார்ஜ் ஷீட் போட்டுவிட்டால் யாரும் ஸ்டேஷன் வாசலில் வந்து சத்தம் போட மாட்டார்கள், அதனால் போடுகிறார்கள்.

அடுத்தடுத்த எண்ணில் இரண்டு கட்டுகள் வந்தால், தயவுசெய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். காயச் சான்றுகளின் நேரத்தைப் பாருங்கள். யாருடைய வயலில், யாருடைய வாசலில் நடந்தது என்று பார்வை மகஜரில் பாருங்கள். தன் வீட்டு வாசலில் நின்று கம்பெடுத்தவனும், ஆள் சேர்த்துக்கொண்டு இன்னொரு தெருவுக்குப் போனவனும் ஒன்றல்ல. உங்களுக்கே தெரிந்துவிடும். தெரிந்ததை எழுதி விசாரணை அதிகாரியிடம் அனுப்புங்கள், மேல்விசாரணைக்கு 193(9) இருக்கிறது. அவர் கேட்காவிட்டாலும் கட்டில் உங்கள் குறிப்பு இருக்கும்.

எண்களைப் போலவே பெயர்களிலும் பெருக்கம் உண்டு. அடித்தவர் இருவர் என்று மருத்துவரிடம் சொன்னவர், மறுநாள் புகாரில் ஒன்பது பேரை எழுதுவார். அண்ணன், தம்பி, தம்பி மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன். அந்த மகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகளில் 14(பி) என்று ஒன்று இருக்கிறது. குற்ற வழக்கில் தொடர்புடையவர் காவலர் வேலைக்குத் தகுதியற்றவர். விடுதலை ஆகிவிட்டால்? சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனவரும், புகார் கொடுத்தவர் பிறழ்ந்ததால் விடுபட்டவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்று விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். கடவுச்சீட்டுச் சட்டமோ வழக்கு நிலுவையில் இருந்தாலே மறுக்கலாம் என்கிறது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பையனுக்கு வழி என்றால் போலீஸ் தேர்வு, இல்லாவிட்டால் வளைகுடா. ஏ-7 என்ற இடத்தில் சும்மா எழுதப்பட்ட ஒரு பெயர் இரண்டையும் அடைத்துவிடுகிறது. வழக்கு தோற்கும், பையன் விடுதலை ஆவான், அதற்குள் அவனுக்கு வயது வரம்பு கடந்திருக்கும். மருத்துவரிடம் சொல்லாத பெயர் புகாரில் எப்படி முளைத்தது என்று குற்றச்சாட்டு வனையும் நாளிலேயே நீங்கள் கேட்டிருந்தால் 262-இல் அவன் விடுவிக்கப்பட்டிருப்பான். நான் அந்த மனுவைப் போடுகிறேன். அதை எதிர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. ‘அரசுத் தரப்பு ஆட்சேபிக்கிறது’ என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பது எளிது. எல்லா விடுவிப்பு மனுவுக்கும் அதே வரியை எழுதிக் கொடுப்பவரை முடிவெடுப்பவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறைத்துப் போடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். கூட்டிப் போட வேண்டிய இடங்களும் உண்டு, அங்கே நடக்கும் அநீதி இன்னும் ஆழமானது. சாதிப் பெயரைச் சொல்லித் தெருவில் வைத்து இழிவுபடுத்தி அடித்திருப்பார்கள். புகார் எழுதும்போதே சாதிப் பெயர் காணாமல் போய் ‘தகாத வார்த்தைகளால் திட்டி’ என்று ஆகிவிடும். 296(பி), 115(2) மட்டும் நிற்கும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) வராது. இதன் விளைவு பிரிவு எண்ணோடு நிற்பதில்லை. அந்தச் சட்டம் வந்தால் டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டும், முன்ஜாமீன் கிடையாது, பாதிக்கப்பட்டவருக்கு அரசின் நிவாரணத் தொகை உண்டு, ஜாமீன் மனுவில் அவரைக் கேட்க வேண்டும். ஒரு சொல்லைப் புகாரிலிருந்து விட்டுவிட்டால் இத்தனையும் போய்விடும். குற்றம் சாட்டப்பட்டவருக்காக நிற்கும் எனக்கு அது வசதி. ஆனால் அந்த வசதியால் எனக்கு வெற்றி கிடைக்கும்போது என் மனம் கூசியிருக்கிறது. கட்டில் காயமடைந்தவர் யார், எதிரி யார், எந்தத் தெருவில் நடந்தது என்று பார்த்தாலே உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டும். சாட்சிகளை அழைத்துப் பேசும்போது என்ன சொல்லித் திட்டினார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள்.

போராட்ட வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 143, 188 போட்டுக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது இங்கே பழக்கமாகிவிட்டது. 188-க்கு, உத்தரவு போட்ட அரசு ஊழியரோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்தில் புகார் தராமல் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க முடியாது. 2018 செப்டம்பரில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் இதை விரிவாக எழுதி, வழிகாட்டு நெறிகளும் தந்து, வழக்குகளை ரத்து செய்தார். அதன் பிறகும் அதே மாதிரிக் குற்றப்பத்திரிகைகள் வந்தன. புதிய சட்டத்தில் 188 என்பது 223 ஆகியிருக்கிறது, தடை 215-இல் இருக்கிறது. கோப்பில் எடுக்கும் முன் நடுவரிடம் இதை நீங்களே சுட்டிக்காட்டினால், நூறு பேர் மதுரைக்கும் சென்னைக்கும் ரத்து மனுவோடு அலைய வேண்டியதில்லை.

இனி வழக்கை வாபஸ் பெறுவது. முன்பு 321, இப்போது 360. சட்டம் ஒளிவுமறைவின்றி முடிவை உங்கள் பெயரில் வைத்திருப்பது இங்கேதான். அரசு வாபஸ் பெறுவதில்லை, கோர்ட்டும் வாபஸ் பெறுவதில்லை. அரசு வழக்கறிஞரோ உதவி அரசு வழக்கறிஞரோ நீதிமன்றத்தின் சம்மதத்தோடு வாபஸ் பெறுகிறார். அரசு யோசனை சொல்லலாம், கட்டளையிட முடியாது என்று 1980-இல் நீதியரசர் சின்னப்ப ரெட்டி விளக்கினார். பரோடா டைனமைட் வழக்கு, ஜார்ஜ் பெர்னாண்டஸ் மீதானது.

நம் மண்ணில் நடந்ததைச் சொல்கிறேன். 2000 ஜூலை 30 இரவு, தாளவாடி அருகே தொட்டகாஜனூரில் இருந்து நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போனான். அவன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, மைசூரு தடா வழக்குகளில் சிறையில் இருந்தவர்களை விடுவிப்பது. இரண்டு மாநில அரசுகளும் நடுங்கிப்போயின. ராஜ்குமாருக்கு ஏதாவது ஆனால் கர்நாடகத் தமிழர்களின் கதி என்ன என்ற அச்சம் மெய்யானது. அந்தச் சிறைவாசிகள் மீது தடாவைப் பயன்படுத்தியதே முறைகேடு என்று சொன்னவர்களும் இருந்தார்கள், அதில் எனக்கும் உடன்பாடுதான். கர்நாடக அரசு வழக்கறிஞர் 51 பேர் மீதான தடா குற்றச்சாட்டுகளை வாபஸ் பெற மனு போட்டார், தனி நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட ஒரு காவல் உதவி ஆய்வாளரின் தந்தை உச்ச நீதிமன்றம் போனார். 2000 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சம்மதத்தை ரத்து செய்தது. அரசின் முடிவை வழக்கறிஞர் அப்படியே வழிமொழிந்திருக்கிறார், வழக்கின் ஆவணங்களைத் தானே எடைபோடவில்லை என்பது முக்கியமான குறை. அவருடைய நெருக்கடியை நினைத்தால் எனக்கு இரக்கமே வருகிறது. இரண்டு மாநிலங்களும் காத்திருக்கும்போது ஒரு தனி மனிதர் என்ன செய்வார்? ஆனாலும் அரசை எதிர்த்து நில் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கட்டுகளை முழுக்கப் படித்து, இன்னாருக்கு எதிராகச் சான்று இல்லை, இன்னாருக்கு எதிராக இருக்கிறது என்று பெயர் பெயராகப் பிரித்து எழுதியிருந்தால், சிலருக்கு விடுதலை அன்றே நியாயமாகவே கிடைத்திருக்கலாம். ராஜ்குமார் 108 நாள் கழித்து நவம்பர் 15 அன்று வெளியே வந்தார்.

வாபஸ் பெற வேண்டிய வழக்குகளும் உண்டு. கூடங்குளத்தில் அணு உலை வேண்டாம் என்று இடிந்தகரையில் உட்கார்ந்த மீனவர்கள் மீது 124-ஏ போட்டார்கள், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்ததாக 121-உம் போட்டார்கள். சிலர் பெயர் எழுதி, ‘மற்றும் பலர்’ என்று ஆயிரக்கணக்கானோரை இழுத்துவிட்டார்கள். 2013 மே 6 அன்று அணு உலைக்கு அனுமதி தந்த அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், போராடியவர்கள் மீதான வழக்குகளை வாபஸ் பெற முயற்சி எடுங்கள் என்றும் சொன்னது. அந்த வழக்குகளில் எந்தப் பிரிவு நிற்கும், எது நிற்காது என்று ஒரு சட்டக்காரர் முதல் நாளே படித்திருந்தால் 121 காகிதத்தில் ஏறியே இருக்காது.

கேரளச் சட்டமன்றத்தில் 2015 மார்ச்சில் நடந்த கைகலப்பு வழக்கைப் பின்னர் வந்த ஆட்சி வாபஸ் பெறப் பார்த்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது, குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அப்போது அமைச்சர். அதே ஆண்டு ஆகஸ்டில், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்கை உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாபஸ் பெறக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. இந்த உத்தரவுகள் எல்லாம் உங்கள் அதிகாரத்தைக் குறைக்கின்றன என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் தனித்து யோசிப்பீர்கள் என்ற நம்பிக்கை தேய்ந்ததால் வந்த உத்தரவுகள் இவை. 360-இல் இப்போது ஒரு நல்ல மாற்றம்: பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் வாபஸுக்குச் சம்மதிக்க முடியாது. மனு போடும் முன்பே நீங்கள் அவரை அழைத்துப் பேசினால் இன்னும் நல்லது.

மௌனமும் ஒரு முடிவுதான். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு ஏன் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போனது என்பதைப் படித்துப் பாருங்கள். 2001-இல் ஆட்சி மாறிய பிறகு, ஏற்கெனவே சாட்சியம் சொன்ன 76 பேர் மறு குறுக்கு விசாரணைக்கு அழைக்கப்பட்டார்கள். 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து மாறினார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களை அழைப்பதையும் எதிர்க்கவில்லை, மாறியவர்களைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கவும் கேட்கவில்லை. 2003 நவம்பரில் வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது உச்ச நீதிமன்றம் இதைக் குறித்துச் சொன்னது. அந்த வழக்கறிஞர் எழுதிக் கொடுத்தது எதுவும் இல்லை. எழுந்து நிற்க வேண்டிய நேரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

நான் உங்களுக்கு அமெரிக்க அரசு வழக்கறிஞர்களின் அதிகாரத்தை வேண்டவில்லை. அங்கே குற்றச்சாட்டை முடிவு செய்பவரே அவர்தான். கென்டக்கி மாநிலத்தில் ஒருவர் 88 டாலர் 30 சென்ட்டுக்குப் போலிக் காசோலை மாற்றிய வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஐந்தாண்டு கேட்கிறேன், மறுத்தால் பழைய குற்றவாளிகளுக்கான சட்டத்தில் ஆயுள் தண்டனைக்கு வழக்குப் போடுவேன் என்றார் வழக்கறிஞர். அவர் மறுத்தார், ஆயுள் தண்டனை கிடைத்தது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதை ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட அதிகாரம் யார் கையிலும் இருக்கக் கூடாது. நம் சட்டம் அந்த அதிகாரத்தைப் போலீஸ், நீங்கள், நீதிபதி என்று மூன்றாகப் பிரித்து வைத்தது நல்ல ஏற்பாடு. மூவரும் படித்தால்தான் அது வேலை செய்யும்.

உங்கள் கஷ்டங்கள் தெரியாமல் எழுதவில்லை. ஒருவரே இரண்டு கோர்ட்டுக்கு ஓடுவீர்கள். தட்டச்சு செய்ய ஆள் இருக்காது. காலை பத்தரைக்குச் சாட்சி கூண்டில் ஏறும்போதுதான் கட்டு கைக்கு வரும். விடுதலைத் தீர்ப்பு வந்தால் விளக்கம் கேட்பார்கள், வீணான வழக்கை நடத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள். இதை மாற்ற வேண்டியது இயக்ககமும் அரசும். நியாயமான காரணம் எழுதி ஒரு பிரிவைக் கைவிடச் சொன்ன அதிகாரிக்கு விளக்கக் கடிதம் அனுப்பாதீர்கள் என்று உங்கள் மேலதிகாரிகளையும் இந்த மடலின் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். அமர்வு நீதிமன்ற அரசு வழக்கறிஞர்கள் வழக்கறிஞர்களிலிருந்து நியமிக்கப்படுகிறார்கள், ஆட்சி மாறினால் பெரும்பாலும் மாறிவிடுகிறார்கள். நீங்கள் தேர்வெழுதி வந்தவர்கள், ஓய்வு வரை இருப்பவர்கள். மறுத்துப் பேச அவர்களுக்கு இல்லாத பாதுகாப்பு உங்களுக்கு இருக்கிறது.

ஒவ்வொரு கட்டின் உள்ளட்டையிலும் நான்கு வரி எழுதி வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்: எந்தப் பிரிவுக்கு எந்தச் சாட்சி, எந்தப் பெயருக்கு எந்தச் சான்று, எது நிற்காது, எது விட்டுப்போயிருக்கிறது. தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். உங்களுக்கு மாறுதல் வந்தால் அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்கட்டும். நிற்காத பிரிவு என்று உங்களுக்கே தோன்றினால் நடுவரிடம் எழுந்து சொல்லுங்கள், எதிர்த்தரப்பில் நான் நின்றுகொண்டிருந்தாலும் சொல்லுங்கள். நிற்கும் பிரிவு என்றால் என்னோடு கடைசி வரை மோதுங்கள்.

அன்புடன்,
மாவட்ட நீதிமன்றத் தற்காப்பு வழக்கறிஞர் ஒருவர்